மொஹாச் நகரின் புஷோக்கள்: அந்த மரமுகத்துக்குப் பின்னால் இருப்பது யார்?

டான்யூப் ஆற்றில் படகேறி வரும் உருவங்களின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். தலையில் கொம்பு, உடம்பெல்லாம் ஆட்டு ரோமம், முகத்தில் பல்லை இளித்த மரமுகமூடி. இவர்கள் பேய்களா, யார் இவர்கள்? இந்த வேடத்தில்தான் துருக்கியப் படையை விரட்டினார்கள் என்பது உண்மையா? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் போகும். அது விளங்கிவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

படத்தில் இருக்கும் ஊர் மொஹாச். ஹங்கேரியின் தெற்கே, டான்யூபின் மேற்குக் கரையில், குரோஷிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய நகரம். மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. அந்த உருவத்தின் பெயர் புஷோ. விழாவின் பெயர் புஷோயாராஷ். ‘யாராஷ்’ என்றால் ஹங்கேரிய மொழியில் நடை, உலா. ஆக, புஷோக்களின் உலா.

கிறிஸ்தவர்களின் தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்குகிறது அல்லவா? அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆரம்பித்து செவ்வாய் இரவு வரை மொத்தம் 6 நாள் விழா. ஈஸ்டர் தேதி வருடா வருடம் நகரும் என்பதால் இதுவும் கூடவே நகரும். 2025-இல் பிப்ரவரி 27 முதல் மார்ச் 4 வரை. 2026-இல் பிப்ரவரி 12 முதல் 17 வரை. நாள்காட்டியில் தேட வேண்டுமென்றால் ஈஸ்டர் ஞாயிறிலிருந்து 47 நாள் பின்னால் எண்ணுங்கள், கடைசி நாளான செவ்வாய் வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கு ஹங்கேரியர்கள் வைத்திருக்கும் பெயருக்கு ‘இறைச்சியை விடும் செவ்வாய்’ என்று பொருள். மறுநாளிலிருந்து நோன்பு, கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, ஆட்டம் பாட்டம் கிடையாது. அதற்குள் உண்டு, குடித்து, ஆடித் தீர்த்துவிட வேண்டும். ஜனவரி 6-இல் தொடங்கும் இந்தக் கொண்டாட்டப் பருவத்துக்கு ஃபர்ஷாங் என்று பெயர். ஹங்கேரி முழுக்க ஃபர்ஷாங் உண்டு. புஷோ மொஹாசுக்கு மட்டும் உரியது.

அந்த ஊரிலும் முதலில் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. அது ஷோகாட்ஸ் மக்களின் வழக்கம். கத்தோலிக்க மதத்தைச் சேர்ந்த தென் ஸ்லாவியர்கள் அவர்கள், குரோஷியரில் ஒரு பிரிவு. பொஸ்னியா, ஸ்லவோனியா பக்கமிருந்து பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து இந்த ஆற்றங்கரையில் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் இந்த விழாவின் பெயர் போக்லாதே. மொஹாசில் ஹங்கேரியர், ஜெர்மானியர், செர்பியர், குரோஷியர் எல்லாரும் கலந்து வாழ்கிறார்கள். காலப்போக்கில் ஷோகாட்ஸ் தெருக்களின் வேடம் ஊருக்கே உரிய வேடமாகிவிட்டது. இன்று ஹங்கேரியக் குடும்பத்துப் பையனும் புஷோ, ஜெர்மானியப் பாட்டியின் பேரனும் புஷோ. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு எல்லாரும் கூடுகிற இடம் இன்றைக்கும் பழைய ஷோகாட்ஸ் பகுதியிலிருக்கும் கோலோ சதுக்கம்தான். கோலோ என்பது கைகோத்து வட்டமாக ஆடும் தென் ஸ்லாவிய ஆட்டம்.

சரி, வேடத்துக்கு வருவோம். கீழிருந்து மேலே போவோம். காலில் போச்கோர், அதாவது வாரால் கட்டும் பழைய குடியானவர் தோல்செருப்பு. அதற்கு மேலே வண்ண வண்ணமாகப் பின்னிய கம்பளிக் காலுறை. அப்புறம் வெள்ளை நிறத்தில் தொளதொளவென்ற கால்சட்டை, உள்ளே வைக்கோல் திணித்தது. வைக்கோல் குளிருக்கும் ஆயிற்று, ஆளின் உருவத்தை மாற்றவும் ஆயிற்று. தொடை பருத்து, நடை மாறி, பின்னாலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரனைக்கூட அடையாளம் தெரியாது. அதன்மேல் ஆட்டுத்தோல் மேலங்கி. சாதாரணமாக ரோமம் உள்பக்கம் இருக்கும்படி உடுத்துவதை இங்கே புரட்டிப்போட்டு, ரோமம் வெளியே தெரியும்படி உடுத்துகிறார்கள். இடுப்பில் கயிறு. கயிற்றில் மாட்டு மணி. கையில் மரத்தாலான கதாயுதம் அல்லது கெரெப்லோ.

இந்தக் கெரெப்லோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விழாவின் சத்தத்தில் பாதி இதிலிருந்து வருவதால். ஒரு கைப்பிடி, அதன் உச்சியில் மரத்தாலான பல்சக்கரம். சக்கரத்தைச் சுற்றி ஒரு மரச்சட்டம் சுழலும். சட்டத்தில் மெல்லிய பலகை ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு சக்கரத்தின் பல்லை அழுத்தியபடி இருக்கும். கையைச் சுழற்றினால் அந்த நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாவித் தாவி விழும். விழும்போதெல்லாம் ஒரு ‘டக்’. வேகமாகச் சுழற்றினால் எல்லாம் சேர்ந்து ‘டர்ர்ர்ர்’ என்று காதைப் பிளக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கோயில் மணிகள் மௌனமாக இருக்கும் நாட்களில் கத்தோலிக்க ஊர்களில் மணிக்குப் பதிலாகச் சுழற்றியதும் இதே கருவியைத்தான். ஒரே பொருள் ஃபர்ஷாங்கில் குளிரை விரட்டுகிறது, சில வாரம் கழித்து பூசைக்கு அழைக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது முகமூடி. வில்லோ மரத்தில் செய்வது. கிரிக்கெட் மட்டைக்கு எடுக்கிற மரத்தின் குடும்பம்தான். டான்யூபின் வெள்ளச் சமவெளியில் வில்லோவுக்குப் பஞ்சமே கிடையாது. மென்மையான மரம், உளி எளிதாக இறங்கும். அதைவிட முக்கியம், எடை குறைவு. தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டிய பொருள் கனமான மரமாக இருந்தால் கழுத்து தாங்காது. மரத்துண்டின் உட்புறத்தை முகம் நுழையும் அளவுக்குக் குடைந்து, வெளிப்புறத்தில் முகம் செதுக்குகிறார்கள். கண்ணுக்கு இரண்டு துளை, புடைத்த மூக்கு, அகன்ற வாய், வரிசைப் பல். முகத்தின் விளிம்பில் ஆட்டுத்தோலை அடித்து, அது தலையையும் பிடரியையும் மூடும்படி தொங்கவிடுகிறார்கள். உச்சியில் மாட்டுக்கொம்போ கிடாக்கொம்போ. அந்தக் காலத்தில் முகத்துக்கு நிறம் ஏற்றியது மிருக ரத்தத்தால். இப்போது சாயம்.

ஒரு புஷோ முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், அது நாம் நினைக்கிற பேய்முகம் கிடையாது. பாதி மனிதன், பாதி ஆடு. கோபத்தைவிட ஒரு முரட்டுக் குறும்பு அதில் அதிகம். வாய் சிரிப்பது போலவும் இருக்கும், கடிக்க வருவது போலவும் இருக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள், உளிபட்ட தடங்கள் அப்படியே தெரியும். நெற்றி படும் இடம், மூக்கு உரசும் இடமெல்லாம் போட்டுப் போட்டு வழவழப்பாகியிருக்கும். வெளியே ஊர் பார்க்கும் முகம், உள்ளே ஒரே ஒருவனின் முகத்துக்கு வாகான பள்ளம். ஒன்றைப்போல ஒன்று இருக்காது. செதுக்குபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஒருவர் புருவத்தை ஏற்றிவிடுவார், ஒருவர் பல்லில் கவனம் வைப்பார். பழகிய கண்ணுக்கு இது யார் செதுக்கியது என்று சட்டென்று புரியும். மொஹாசில் புஷோ முற்றம் என்ற பெயரில் ஒரு காட்சியிடம் இருக்கிறது. விழா இல்லாத மாதங்களில் போகிறவர்கள் முகமூடிகளை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

இனி உங்கள் முதல் கேள்வியின் நடுப்பகுதி: உள்ளே இருப்பது யார்? மரபான பதில், ‘தெரியக்கூடாது’ என்பதே. வேடம் போட்ட ஆள் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பது இந்த வழக்கத்தின் உயிர்நாடி. அதனால்தான் வைக்கோல், அதனால்தான் தலையையும் கழுத்தையும் மூடும் தோல், அதனால்தான் பேச்சு குறைவு. புஷோ எழுப்பும் குரல் ‘பவோ, பவோ!’ என்ற கூப்பாடு. அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இதை ஒரு நாடகப் பாத்திரத்தோடு ஒப்பிட்டால் தவறிப்போவோம். நாடகத்தில் நடிகர் இன்னார் என்று தெரிந்துதான் கைதட்டுகிறோம். புஷோவிடம் ஆள் கரைந்துபோக வேண்டும். வருடம் முழுக்க அடக்க ஒடுக்கமாக இருக்கும் ஒருவன் இந்த நாட்களில் தெருவில் கூத்தடிக்கலாம், போகிற பெண்ணைப் பிடித்துக் கட்டிக்கொள்ளலாம், பெரிய மனிதரின் வாசலில் போய்ச் சத்தம் போடலாம். புதன்கிழமை காலையில் அதற்கெல்லாம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் செய்தது அவனல்ல, புஷோ. வீடு வீடாகச் சிறு குழுவாகப் போய் நல்வாழ்த்துச் சொல்லி, கொடுப்பதை உண்டு குடித்து வருவதுதான் பழைய வழக்கத்தின் மையம். பெரிய ஊர்வலமெல்லாம் அதன்மேல் வளர்ந்தது.

முகமூடி போட்டவனுக்குப் பார்வை குறுகிப்போகும். முன்னால் இருப்பது மட்டும் இரண்டு துளை வழியே தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. தெருப் பையன்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? பின்னால் வந்து ரோமத்தை இழுப்பது, முகமூடியைத் தூக்கி ஆளைப் பார்க்க முயல்வது. இதைத் தடுக்கத்தான் யான்கெலே என்ற துணை வேடம். கந்தல் துணி உடுத்தி, முகத்தைத் துணியால் மறைத்த சிறுவர்கள், இளைஞர்கள். கையில் துணியோ சாம்பலோ மாவோ அடைத்த சிறு மூட்டை. புஷோவைச் சுற்றி ஓடி, கிட்டே வருகிறவனை அந்த மூட்டையால் ஒரு போடு போடுவார்கள். வலிக்காது, உடம்பு வெள்ளையாகிவிடும். படங்களில் புஷோவை மட்டும் பார்க்கிறவர்கள் இந்தச் சின்னவர்களைத் தவறவிடுகிறார்கள். என் கண்ணுக்கு விழாவின் ஒழுங்கு இவர்கள் கையில்தான் இருக்கிறது. இன்று யான்கெலேயாக ஓடுகிறவன் நாளை வளர்ந்து புஷோவாகிறான். அதற்குள் எந்தத் தெருவில் எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் காலுக்குப் பழகிவிடும்.

இன்னொரு வேடமும் உண்டு: ‘அழகு புஷோ’. கொம்பும் ரோமமும் இல்லாமல், ஷோகாட்ஸ் பெண்களின் பூவேலை செய்த உடையில், முகத்தை மெல்லிய திரையால் மூடிக்கொண்டு வருபவர்கள். முரட்டு உருவங்களுக்கு நடுவே இவர்கள் அமைதியாக நடந்து வரும்போது, உண்மையைச் சொன்னால், கொம்பு வைத்தவர்களைவிட இவர்கள்தான் மனதில் தங்குகிறார்கள். முகமே இல்லாத ஒரு அழகு அது. கோரமுக புஷோ வேடம் மரபில் ஆண்களுக்கு உரியது.

ஆறு நாளில் வியாழன் ‘சின்ன ஃபர்ஷாங்’. அது பிள்ளைகளின் நாள். வெள்ளியும் சனியும் இசை, கைவினைச் சந்தை, செதுக்குபவர்களின் கண்காட்சி. ஊரெங்கும் தம்புரா என்ற தென் ஸ்லாவிய நரம்பு வாத்தியக் குழுக்கள், வட்ட ஆட்டம், எண்ணெயில் பொரித்த ஃபர்ஷாங் பணியாரம். ஞாயிறு தான் நீங்கள் பார்த்த படத்தின் நாள்.

மொஹாசுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நிலப்பகுதிக்கு மொஹாச் தீவு என்று பெயர். ஞாயிறு அன்று புஷோக்கள் அங்கிருந்து துடுப்புப் படகுகளில் ஏறி டான்யூபைக் கடந்து வருகிறார்கள். பிப்ரவரி மாதத்து ஆறு, ஈயம் போன்ற நிறம். முதலில் காதுக்குத்தான் எட்டும். தண்ணீரின் மேல் மாட்டு மணிச் சத்தமும் கெரெப்லோவும். அப்புறம் படகுகளின் முனையில் கொம்புகள் தெரியும். கரையேறியதும் எல்லாரும் கோலோ சதுக்கத்துக்குப் போய், அங்கிருந்து மைய வீதி வழியாக செச்சேனி சதுக்கத்துக்கு ஊர்வலம். குதிரை வண்டிகள், கண்டபடி மாற்றியமைத்த வினோத வாகனங்கள், நீண்ட மரக்கொம்பு வாத்தியங்கள், நெஞ்சை அதிரவைக்கும் புஷோ பீரங்கிகள். சாயங்காலம் சதுக்கத்தில் பெரிய தீ மூட்டி அதைச் சுற்றி ஆடுகிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த விழாவைச் சேர்த்தபோது படகில் வரும் புஷோக்கள் 500 பேருக்கு மேல் என்று குறித்திருக்கிறது.

செவ்வாய் மாலை கூட்டம் குறைந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஞாயிறோடு கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குத்தான் ஃபர்ஷாங்கை அடக்கம் செய்கிறார்கள். குளிர்காலத்தின் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, சதுக்கத்தில் விறகடுக்கின் மேல் வைத்து எரிக்கிறார்கள். பெட்டி எரிய எரிய புஷோக்கள் சுற்றிச் சுற்றிக் கத்துகிறார்கள். வேடம் புரிய வேண்டுமென்றால் ஞாயிறைவிட இந்த இரவைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஞாயிறு ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு, செவ்வாய் ஊருக்கு.

இரண்டாவது கேள்வி, துருக்கியர் கதை. மொஹாசில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஒட்டோமான் படை, அதாவது துருக்கியப் பேரரசின் படை, ஊரைப் பிடித்தபோது மக்கள் தப்பித்துத் தீவின் சதுப்பு நிலத்தில் ஒளிந்துகொண்டார்கள். ஒரு ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஷோகாட்ஸ் கிழவர் ஒருவர் வந்து, ‘பயப்படாதீர்கள், வீடு திரும்பும் காலம் வரும். ஆயுதம் செய்யுங்கள், முகமூடி செதுக்குங்கள். புயலடிக்கும் இரவில் முகமூடி அணிந்த வீரன் ஒருவன் வருவான், அவன் வரும்போது கிளம்புங்கள்’ என்றார். அப்படியே ஒரு புயல் இரவில் வீரன் வந்தான். மக்கள் கோரமுகம் தரித்து, சத்தம் எழுப்பிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். பேய்கள் வருகின்றன என்று நினைத்துத் துருக்கியர்கள் விடிவதற்குள் ஓடிவிட்டார்கள்.

வரலாறாக எடுத்துக்கொண்டால் இது நிற்காது. சுல்தான் சுலைமானின் படை மொஹாசில் வென்றது 1526 ஆகஸ்ட் 29-ஆம் தேதி. சில மணி நேரத்தில் ஹங்கேரியப் படை நொறுங்கியது. 20 வயதே ஆன மன்னர் இரண்டாம் லாயோஷ் தப்பி ஓடும்போது ஓர் ஓடையில் மூழ்கி இறந்தார். அதன்பின் ஒட்டோமான் ஆட்சி இந்தப் பகுதியில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. முடிவுக்கு வந்தது முகமூடியால் அல்ல, 1687-இல் நடந்த இன்னொரு போரால், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத் தரப்பின் பெரும்படையால். இன்னொன்றையும் கவனியுங்கள். கதையின் நாயகர்களான ஷோகாட்ஸ் மக்கள் பெருமளவில் இங்கே வந்து சேர்ந்ததே துருக்கியர் வெளியேறும் காலத்தை ஒட்டித்தான். ஊரைவிட்டு ஓடி, திரும்பிவந்து மீட்கும் அளவுக்கு அவர்கள் அப்போது அங்கே இல்லை.

அப்படியானால் வேடம் எங்கிருந்து வந்தது? அக்கம்பக்கத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். குரோஷியாவில் கஸ்தாவ் பகுதியின் மணியாட்டிகள், இடுப்பில் மணியும் தோளில் ஆட்டுத்தோலுமாக. அவர்களையும் யுனெஸ்கோ சேர்த்தது அதே 2009-இல். ஸ்லோவேனியாவில் ப்டூய் பக்கத்துக் குரெந்த் என்ற வேடக்காரர்கள், 2017. பல்கேரியாவில் பெர்னிக் வட்டாரத்து சுரோவா விழாவின் வேடக்காரர்கள், 2015. இத்தாலியின் சார்டினியாத் தீவில் மமோயாதா ஊரின் கறுத்த மரமுகங்கள். எல்லா இடத்திலும் ரோமத் தோல், கனத்த மணி, மறைந்த முகம், குளிர்காலம். துருக்கியர் கதை ஒட்டாத ஊர்களிலும் இதே வேடம் இருக்கிறது. ஆடு மாடு வளர்த்து, உழுது பிழைத்த மக்கள், இருட்டும் பனியும் போய்ப் பச்சை துளிர்க்க வேண்டும் என்று சத்தமும் நெருப்பும் கொண்டு செய்த சடங்கின் கிளைகள் இவை. ஷோகாட்ஸ் மக்கள் தங்கள் பூர்விக நிலத்திலிருந்து இதைக் கூடவே கொண்டுவந்தார்கள் என்பதுதான் இனவியலாளர்கள் ஏற்கும் விளக்கம்.

அதற்காகக் கதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மொஹாச் என்ற பெயரே ஹங்கேரியரின் காதில் தோல்வியாக ஒலிக்கும் பெயர். எதையாவது இழந்துவிட்டு ‘மொஹாசில் இதைவிட அதிகம் போயிற்று’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ளும் பழமொழி அவர்களிடம் உண்டு. அந்த ஊரில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கு, ‘உன் ஊரில்தான் நாடு விழுந்தது’ என்பதோடு, ‘உன் ஊர்க்காரர்கள்தான் ஒரு ராத்திரியில் எதிரியை ஓடவிட்டார்கள்’ என்றும் சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது. தீவிலிருந்து படகில் வரும் காட்சிக்கு இன்றைய அர்த்தம் இந்தக் கதையிலிருந்துதான் கிடைக்கிறது. வேறு இடத்திலிருந்து வந்த ஒரு குடியானவச் சடங்கு இப்படித்தான் இந்த ஊரின் சொந்த நினைவாயிற்று.

யுனெஸ்கோ பட்டியலில் ஹங்கேரியின் சார்பில் முதலில் இடம்பெற்ற வழக்கம் இதுதான். அதனால் கூட்டம் கூடியது. கூட்டம் கூடியதால் ஞாயிறு ஊர்வலத்தில் புஷோவுக்கும் பார்வையாளருக்கும் நடுவே கேமராக்கள் வந்து நிற்கின்றன. ஒரு நிமிஷத்துக்கு ஒருதரம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் புஷோவிடம் அந்தப் பழைய மறைவு கொஞ்சம் கரைகிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் வேடம் கடையில் வாடகைக்கு எடுக்கும் பொருளாக மாறவில்லை, அது பெரிய விஷயம். புஷோக்கள் தாங்களாகவே குழுக்களாகச் சேர்ந்து இயங்குகிறார்கள். செதுக்கும் வேலையைப் பெரியவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கொரோனா காலத்தில் 2021-இல் விழா நடக்காமல் போயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் புஷோக்கள் மறுபடியும் அதே தெருக்களில் இறங்கினார்கள்.

கடைசியாக, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? தாராளமாக. இரண்டு மூன்று விஷயம் மட்டும் கவனத்தில் வையுங்கள். மிகச் சின்னப் பிள்ளையென்றால் ஞாயிறு வேண்டாம். பீரங்கிச் சத்தமும் நெரிசலும் தாங்காது. வியாழன் பிள்ளைகளின் நாள், குட்டி வேடக்காரர்கள் நிறைய வருவார்கள், அன்றிலிருந்து தொடங்கினால் பயம் தெளியும். பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், யான்கெலே மூட்டை யாரையும் விடாது. பெண்களை புஷோக்கள் கட்டிப்பிடித்து வம்பு செய்வது விழாவின் ஒரு பகுதி. பிடிக்காதவர்கள் தெரு ஓரமாக, கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பது நல்லது. யாருடைய முகமூடியையும் தொட்டுத் தூக்கப் பார்க்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட. பேச் நகரத்திலிருந்து மொஹாச் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். புடாபெஸ்டிலிருந்து எம்6 நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். சின்ன ஊர், தங்கும் இடம் குறைவு. மொஹாசில் அறை கிடைக்காவிட்டால் பேச் நகரில் தங்கிக்கொண்டு வந்து போகலாம்.

அப்புறம், பிள்ளை உண்மையிலேயே மிரண்டுவிட்டால் ஒரு வழி இருக்கிறது. சந்தையில் மரச்சாமான் விற்பவரிடம் சின்னக் கெரெப்லோ ஒன்று வாங்கிக் கையில் கொடுங்கள். இரண்டு சுற்று சுற்றினால் போதும். எதிரே வரும் புஷோ நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, தன் கெரெப்லோவைத் தூக்கிச் சுழற்றிப் பதில் சொல்லும்.